கடைமடைக்காரர் கணக்கு

வியாழக்கிழமை பகல் 12 மணி. ஸ்பெயின் நாட்டு வாலன்சியா நகரத்தில் கதீட்ரல் வாசலில் கறுப்பு அங்கி போட்ட எட்டுப் பேர் வந்து உட்காருகிறார்கள். எட்டு வாய்க்காலுக்கு எட்டு நீதிபதிகள். எல்லோருமே விவசாயிகள், சக விவசாயிகள் தேர்ந்தெடுத்தவர்கள். 'என் முறையில இவன் மடையைத் திறந்துட்டான்' என்று யாராவது புகார் சொன்னால், வாய்மொழியாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்பு. வக்கீலே கிடையாது!

இந்த ஊர் நியாயத்தைக் கம்ப்யூட்டருக்குள் நுழைத்துப் பார்த்தவர், ஹார்வர்டு பேராசிரியர் ஆர்தர் மாஸ்.

அணை, வாய்க்கால் என்று திட்டம் போடும் நிபுணர்கள் மீது அவருக்கு ஒரு மனக்குறை. செலவு எவ்வளவு, மொத்த லாபம் எவ்வளவு என்று பார்க்கிறீர்களே, அந்த லாபம் யார் மடியில் விழுகிறது என்று பார்த்தீர்களா என்று 1966-ல் ஒரு கட்டுரையில் கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஒரு வாய்க்காலில் 10 விவசாயிகள் என்று வையுங்கள். தலைமடையில் 5 பேருக்குத் தலா 20 மூட்டை. கடைமடையில் 5 பேருக்குப் பட்டை நாமம். மொத்தம் 100. இன்னொரு ஏற்பாட்டில் ஆளுக்கு 9 மூட்டை, மொத்தம் 90. கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிற மாடல், கண்ணை மூடிக்கொண்டு முதலாவதுக்கு மார்க் போட்டுவிடும். (பி.காம். படித்த நானும் அப்படித்தான் போட்டிருப்பேன். பாலன்ஸ் ஷீட்டில் கடைமடைக்கு ஏது சார் காலம்?)

மாஸும் பொருளாதார நிபுணர் ரேமண்ட் ஆண்டர்சனும் ஸ்பெயின், அமெரிக்கப் பாசன ஊர்களைச் சுற்றிவந்து, அங்கங்கே தண்ணீர் பங்கிடும் விதிகளைச் சேகரித்தார்கள். வறட்சி வந்தால் எந்த விதி எவ்வளவு விளைச்சல் தரும், அது எப்படிப் பங்காகும் என்று இரண்டையும் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். 1978-ல் புத்தகமாக வந்தது. 2009-ல் நோபல் வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம், தன் 1990 புத்தகத்தில் இவர்கள் திரட்டியதைத் தாராளமாக எடுத்தாண்டிருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், நியாயம் என்பதே ஊருக்கு ஊர் மாறுகிறது. அதே கடற்கரையில் தெற்கே இருக்கும் அலிகாந்தேயில் தண்ணீர் ஏலம். பணம் கொடுத்தால் தண்ணீர். வாலன்சியாவில் தண்ணீர் நிலத்தோடு ஒட்டியது, தனியாக விற்கக்கூடாது. முறை வந்தால் வேண்டிய அளவு பாய்ச்சலாம், வீணாக்கக் கூடாது.

கடும் வறட்சி வந்துவிட்டால்? வாலன்சியாக்காரர்கள் அந்த முறையையே ஓரமாக வைத்துவிடுவார்கள். எந்தப் பயிர் அதிகம் வாடுகிறதோ, அதற்குத்தான் முதல் தண்ணீர்.