40 வருடம் வாழ்ந்தாலும் நாடு கடத்தல்! - கிரீன் கார்டைத் துரத்தும் பழைய வழக்குகள்

ஹோண்டுராஸில் பிறந்தவர் ஹோசே படில்லா. கிரீன் கார்டு வாங்கி 40 வருடங்களுக்கும் மேலாக அமெரிக்காவில் வாழ்ந்தவர். வியட்நாம் போர்க்காலத்தில் அந்த நாட்டு ராணுவத்தில் பணியாற்றியவர். பிறகு லாரி டிரைவர். கென்டக்கி மாநிலத்தில் அவரது லாரியில் பெருமளவு கஞ்சா பிடிபட்டது. 'இத்தனை வருடம் இங்கே இருந்துவிட்டீர்கள், நாடு கடத்தல் பற்றிக் கவலை வேண்டாம்' என்கிற ரீதியில் வக்கீல் சொன்னதை நம்பிக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சொன்னார் படில்லா. அந்த ஒப்புதலே அவரை வெளியேற்றப் போதுமானதாகிவிட்டது.

விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 'குடியுரிமை இல்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படலாம் என்று எச்சரிப்பது வக்கீலின் கடமை' என்று 2010-ல் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால், அதற்கு முன்பே முடிந்துபோன வழக்குகளுக்கு இது பொருந்தாது என்று 2013-ல் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. எச்சரிக்க ஆளில்லாமல் எப்போதோ தலையாட்டியவர்களுக்குத்தான் இதனால் பயனே இல்லை!

எல்லாம் மாறிய 1996

நாடு கடத்தலுக்கான 'கடுங்குற்றம்' என்ற பிரிவு 1988-ல் வந்தபோது கொலை, போதைப்பொருள் கடத்தல், ஆயுதக் கடத்தல் ஆகியவைதான் அதில் இருந்தன. 1996-ல் பில் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் பட்டியலை நீட்டியது. திருட்டு வழக்கில் ஒரு வருடத் தண்டனை என்றாலே போதும். அது நிறுத்திவைக்கப்பட்டு, ஒருநாள்கூட ஜெயிலுக்குப் போகாதவரும் இதில் வருவார். இன்னொரு இடி, சட்டம் வருவதற்கு முந்தைய தண்டனைகளும் கணக்கில் சேர்ந்தன.

அதற்கு முன்பு, 7 வருடம் சட்டப்படி வாழ்ந்தவர் என்றால் அவரது குடும்பம், வேலை, திருந்திய வாழ்க்கை எல்லாவற்றையும் பார்த்து நீதிபதி மன்னிக்கலாம். அந்தக் கதவையும் 1996 சட்டம் மூடியது. அந்தச் சட்டத்துக்கு முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களுக்கு மட்டும் 2001-ல் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் திறந்துவிட்டது.

சரி, ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனையா? 'இல்லை' என்கிறது சட்டம். நாடு கடத்தல் தண்டனை அல்ல, வெறும் சிவில் நடவடிக்கையாம்! பேரன் பேத்தியை விட்டுவிட்டு, பாஷைகூட மறந்துபோன ஊருக்குப் போகிறவரிடம் இதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். சிவில் என்பதால் அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமையும் கிடையாது.

எப்படிச் சிக்குகிறார்கள்?

பெரும்பாலும் சாதாரண வேலைகளில்தான். வெளிநாடு போய்த் திரும்பும்போது விமான நிலையத்தில், கிரீன் கார்டைப் புதுப்பிக்கக் கைரேகை கொடுக்கும்போது, சில சமயம் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போதே!

இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. அதனால் இந்தியக் குடியுரிமையை விட மனமில்லாமல் கிரீன் கார்டோடு நின்றுவிடுகிறவர்கள் நம்மவர்களிலும் உண்டு. பொதுவாக 5 வருடத்தில் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அப்பா அல்லது அம்மா குடியுரிமை பெறும்போது, கிரீன் கார்டோடு அவருடன் வாழும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் அது தானாகவே வந்துவிடும்.

காலேஜ் காலத்து வழக்கு ஒன்று இருந்து, மாநில நீதிமன்றம் அந்தப் பதிவையே நீக்கியிருந்தாலும், குடியேற்றத் துறையின் கணக்கில் அது பெரும்பாலும் நீங்குவதில்லை. ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே, பழைய கோர்ட் காகிதங்களோடு குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலைப் பார்த்துவிட வேண்டும்.