வேலையை விடாமல் வேதம் கற்கலாம்

கழக்கூட்டத்திலிருந்து ரயிலேறி, திருவனந்தபுரம் பேட்டையில் இறங்கினால் சற்றுத் தள்ளி இருக்கிறது கண்ணம்மூலை. 1943-ல் தொடங்கிய கேரள ஐக்கிய இறையியல் கல்லூரி அங்கேதான் உள்ளது. போதகராக விரும்புவோர் பி.டி. பட்டத்துக்கு அங்கு படிக்கிறார்கள். வேதாகமம் மட்டுமல்ல, திருச்சபை வரலாறு, பிற சமயங்கள், ஆலோசனைப் பணி ஆகியவையும் பாடங்கள்.

ஆனால், மாதச் சம்பளத்தை எதிர்பார்த்து ஊரில் குடும்பம் காத்திருக்க, வேலையை உதறிவிட்டு ஆண்டுக்கணக்கில் படிப்பது எல்லாருக்கும் இயலுமா?

அத்தகையோருக்கும் வழி உண்டு. பட்டம் வழங்குவது வங்காளத்தின் செராம்பூர். 1818-ல் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகியோர் நிறுவிய அக்கல்லூரிக்குப் பட்டமளிக்கும் உரிமையை 1827-ல் டென்மார்க் மன்னர் தந்தார். வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுதும் கிறிஸ்தவக் கல்விப் படிப்புகளையும் செராம்பூர் நடத்துகிறது. குருப்பட்டத்துக்கு அது ஈடாகாது. ஆனால் ஞாயிறு பள்ளி ஆசிரியருக்கும் சபை மூப்பருக்கும் பெருந்துணை.

தமிழிலேயே முறையாகப் பயில விரும்புவோருக்கு, மதுரை அரசரடியில் 1969-ல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது.

சேருமுன் தகுதி, கட்டணம், தேர்வு மொழி மூன்றையும் எழுதிக் கேட்டுக்கொள்வது நலம். செராம்பூரின் அங்கீகாரம் உண்டா என்பதையும் மறவாமல் விசாரிக்க வேண்டும். உழைத்த காசு வீணாகக் கூடாதல்லவா!