கடைக் கட்டடம் காலத்தே முடிய

ஊராட்சி கட்டும் கடைகள் குறித்த காலத்தில் முடிந்தாலன்றி வாடகை வருவாய் கிட்டாது. ஐப்பசியில் அடைமழை தொடங்குமாதலின், ஆவணிக்குள் கூரைத் தளம் இட்டுவிட வேண்டும். அந்நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அஸ்திவாரம் தோண்டும் நாளை நாம் குறித்துக்கொள்ளுதல் நன்று. நிலைகளுக்கும் ஷட்டர் கதவுகளுக்கும் அப்போதே சொல்லிவைக்க வேண்டும். சுவர் எழுந்தபின் அவற்றைத் தேடினால் வேலை நின்றுவிடும்.

எனினும், தாமதத்தை ஈடுசெய்யக் காங்கிரீட்டை அவசரப்படுத்தலாகாது. தளத்தைக் குறைந்தது 7 நாட்களும், கலப்பு சிமெண்டாயின் 10 நாட்களும் ஈரமாக வைத்திருத்தல் வேண்டும். சுவருக்குச் சுவர் 4.5 மீட்டருக்கு மேற்பட்டால், 14 நாட்களுக்குமுன் முட்டுகளை அகற்றலாகாது. நாம் குறைக்க வேண்டியவை, பொருளுக்காக ஆட்கள் காத்திருக்கும் நாட்களே. காங்கிரீட் வலுப்பெறும் நாட்கள் அல்ல.