மூளைக் கட்டியும் பரம்பரை அச்சமும்

மூளையிற் கட்டி என்றதும், ‘இது பரம்பரை நோயோ, பிள்ளைகளின் திருமணத்துக்குத் தடையாகுமோ’ என அஞ்சி நோயை மறைக்கும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. சிலவகைக் கட்டிகளைப் பொறுத்தவரை இவ்வச்சத்திற்குப் பெரிதும் இடமில்லை.

2008இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூளைக் கட்டிகள் சிலவற்றில் ஐ.டி.எச்.1 என்னும் மரபணு மாறியிருக்கக் கண்டனர். கலங்களின் அனுசேபத்துக்கு உதவும் நொதியமொன்றை ஆக்குவது இம்மரபணு. மாறிய நொதியம் வேண்டாத பொருளொன்றைக் கலத்தினுள் குவிப்பது 2009இல் தெளிவாயிற்று. இதனாற் கலங்கள் முதிர்ச்சியடையாது பெருகுகின்றன.

ரொறன்ரோ பிரின்சஸ் மார்கிரட் வைத்தியசாலையில் நெடுங்காலம் ஆய்வு நடத்திய டாக் மாக், ஹொங்கொங்கில் வளர்ந்து இந்நாட்டுக்கு வந்தவர். அவரும் சேர்ந்து நிறுவிய அமெரிக்க நிறுவனத்திலேயே, அந்நொதியத்தைத் தடுக்கும் வோரசிடெனிப் என்னும் மாத்திரை உருவாயிற்று. மெதுவாக வளரும் கட்டியுடைய 331 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. மாத்திரை பெறாதோரிற் பாதிப்பேருக்கு 11.1 மாதங்களுள் கட்டி மேலும் வளர்ந்தது. பெற்றோருக்கு அக்காலம் 27.7 மாதங்களாக நீண்டது. 2024இல் அமெரிக்காவும் கனடாவும் இதனை அனுமதித்தன. இது நோயை முற்றாகக் குணமாக்குவதன்று. காலத்தை ஈட்டித் தருவது.

இம்மரபணு மாற்றம் பெரும்பாலும் கட்டியின் கலங்களிலேயே புதிதாகத் தோன்றுவது; பெற்றோர் தந்ததன்று, பிள்ளைகளைச் சேர்வதுமன்று. எனவே நோயை மறைக்காதிருப்போம். அகற்றிய கட்டியில் ஐ.டி.எச். பரிசோதனை செய்யப்பட்டதா என வைத்தியரிடம் கேட்போம். மொழி தடையாயின் மொழிபெயர்ப்பாளரைக் கோருவோம்.