வாக்குக் கண்ணுக்கு ஒரு நஞ்சு ஊசி

பிள்ளைக்கு வாக்குக் கண் என்றால் வீட்டுக்கு ராசி என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். ராசி வருகிறதோ இல்லையோ, அந்தப் பேச்சை நம்பிக் காத்திருப்பதில் பிள்ளையின் பார்வை போகிறது. இரண்டு கண்ணும் இரண்டு பக்கம் பார்த்தால் மூளைக்கு இரண்டு படம் போகும். சின்ன வயது மூளை அதில் ஒன்றை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண்ணில் வேறு பழுதே இல்லாவிட்டாலும் பார்வை மங்கிப்போகும். ஏழெட்டு வயதைத் தாண்டினால் அதை மீட்பது பெரும்பாடு.

ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. மூக்குப் பக்கம் ஒன்றும் காதுப் பக்கம் ஒன்றுமாக இரண்டு தசைகள், கொம்புமுறி விளையாட்டில் வடசேரி அணியும் தென்சேரி அணியும் இழுப்பதுபோல, எதிரெதிராக இழுத்து நிற்கும். இங்கே எந்தப் பக்கமும் வெல்லக் கூடாது. வென்றால் கண் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். தசையை வெட்டி இடம் மாற்றித் தைப்பது பழைய வைத்தியம். கத்தி வைக்காமல் பலமான தசையை மட்டும் தளர்த்த ஒரு மருந்து கிடைக்காதா என்று தேடியவர் சான் பிரான்சிஸ்கோ கண் வைத்தியர் அலன் ஸ்கொட்.

அவர் கையில் எடுத்தது பொட்டுலினம் நஞ்சு. கெட்டுப்போன இறைச்சியில் வளரும் பக்டீரியா சுரப்பது. உலகில் அறியப்பட்ட நஞ்சுகளில் மிகக் கொடியது. 1895இல் பெல்ஜியத்தில் ஒரு மரணச் சடங்கில் பன்றி இறைச்சி சாப்பிட்ட வாத்தியக்காரர்களில் சிலர் இறந்தார்கள். அந்த இறைச்சியிலிருந்துதான் எமில் வான் எர்மங்கம் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். பிறகு அமெரிக்க இராணுவ ஆய்வுகூடத்தில் நஞ்சைத் தூய்மையாக்கும் வேலையில் இருந்த எட்வர்ட் ஷான்ட்ஸ்தான் ஸ்கொட்டுக்கு அதைக் கொடுத்தார். 1973இல் குரங்குகளில் செய்த பரிசோதனையையும் 1980இல் மனிதர்களில் கண்ட பலனையும் ஸ்கொட் வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதித்தது. அப்போது அதன் பெயர் ஒக்குலினம். பின்னால் அதை வாங்கிய கம்பனி வைத்த பெயர்தான் பொட்டொக்ஸ். முகச்சுருக்கத்துக்கான அனுமதி 2002இல்தான் வந்தது. சினிமாக்காரரின் அழகு ஊசி என்று நாம் நினைப்பது, முதலில் வாக்குக் கண்ணுக்கு வந்த மருந்து.

நரம்பு தசைக்குச் சொல்லும் இரசாயனச் செய்தியை இந்த நஞ்சு தடுக்கிறது. பலமான தசைக்குள் ஊசியால் ஏற்றினால் இரண்டு மூன்று நாளில் அது தளரும். ஏறத்தாழ மூன்று மாதம் அப்படியே இருக்கும். அந்த இடைவெளியில் எதிர்த்தசை சுருங்கி, தளர்ந்த தசை நீண்டு, கண் புதிய நிலைக்குப் பழகிக்கொள்ளலாம். மருந்தின் அளவு ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதால், நஞ்சு என்ற சொல்லுக்குப் பயப்படத் தேவையில்லை. ஆனாலும் மேலிமை சில வாரம் தொங்கலாம், ஊசி திரும்பவும் தேவைப்படலாம். சாய்வு அதிகமென்றால் சத்திரசிகிச்சைதான் நல்லது. சீனி வருத்தத்தால் நரம்பு தளர்ந்து திடீரென எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியத் தொடங்கும் பெரியவர்களில் சிலருக்கும் இந்த ஊசி உதவும்.

எல்லாப் பிள்ளைக்கும் ஊசி வேண்டியதில்லை. உட்பக்கம் சாயும் கண் பலருக்குக் கண்ணாடியாலேயே நேராகிவிடும். பிறந்து முதல் சில மாதம் கண் அவ்வப்போது அலைவதும் இயல்புதான். நான்கு மாதத்துக்குப் பிறகும் சாய்ந்தால் களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலையிலோ மட்டக்களப்பிலோ காட்டுங்கள். படம் எடுக்கும்போது கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அது கண் புற்றுநோயாகவும் இருக்கலாம், அன்றைக்கே கொண்டுபோங்கள்.