அகஸ்டாவுக்குள்ளே ஒரு ரகசிய ரவுண்டு!

சத்தம் போடாமல் வாங்க! அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப் இது. பணம் கொட்டிக்கொடுத்தாலும் இங்கே மெம்பர் ஆக முடியாது. அவர்களாகக் கூப்பிட வேண்டும். நம்மை யாரும் கூப்பிடவில்லை, அதனால் என்ன?

வாசலில் இருபுறமும் வரிசை கட்டி நிற்கும் மக்னோலியா மரங்களைப் பாருங்கள். கோல்ஃப் வருவதற்கு முன்பே நட்டவை! இது பெர்க்மன்ஸ் குடும்பத்தின் நர்சரியாக இருந்த இடம். 1931ல் கோல்ஃப் நட்சத்திரம் பாபி ஜோன்ஸும் கிளிஃபர்ட் ராபர்ட்ஸும் வளைத்துப்போட்டார்கள். 365 ஏக்கர், 70,000 டாலர்! பழைய பாசம் விடுமா? 18 குழிகளுக்கும் அசேலியா, கமேலியா என்று செடி, மரங்களின் பெயர்தான்.

உச்சகட்டக் கூத்து இரண்டாம் உலகப்போரின்போது நடந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, மைதானத்தில் மாடுகளையும் வான்கோழிகளையும் வளர்த்தார்கள். புல்லை மட்டும் மேயுங்கள் என்றால் மாடு கேட்குமா? அசேலியாவையும் ஒரு கை பார்த்துவிட்டன! பிறகு மைதானத்தைச் சீர்படுத்த வந்தவர்கள் யார் தெரியுமா? பக்கத்து ராணுவ முகாமிலிருந்த ஜெர்மன் போர்க்கைதிகள்! 13வது குழி அருகே ஓடைக்கு ஒரு பாலமும் கட்டிக் கொடுத்தார்கள்.

இன்னொரு கதை. ஜனாதிபதி ஐசனோவர் இங்கே மெம்பர். 17வது குழியருகே நின்ற பைன் மரம் அவர் அடிக்கிற பந்தையெல்லாம் மறித்தது. 1956ல் கிளப் கூட்டத்தில் எழுந்து, அதை வெட்டச் சொன்னார். ராபர்ட்ஸ் என்ன செய்தார்? கூட்டத்தையே அந்த நொடியில் முடித்துவிட்டார்! ஜனாதிபதி பதவியை விட்டு இறங்கினார், மரம் அசையவில்லை. 2014 பனிப்புயலில் சேதமான பிறகுதான் அதை அகற்றினார்கள்.

இங்கே நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியில் ஜெயித்தவருக்குப் பச்சைக் கோட்டு. 1949ல் தொடங்கிய வழக்கம். மறு வருடம் பழைய சாம்பியன்களுக்கு விருந்து வைப்பது அவர் செலவு! ஃபிஜி இந்தியரான விஜய் சிங் 2001ல் தாய்லாந்துக் கறி பரிமாறினார். மணம் இங்கே வரை வருகிறதே!

கலகலப்புக்கு நடுவே ஒரு குட்டு. முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்தது 1990ல். பெண்களை? 2012ல்! மரத்துக்குக் காட்டிய கரிசனத்தை மனிதருக்கும் காட்டியிருக்கலாம்.

மாஸ்டர்ஸ் பார்க்க ஆசையா? டிக்கெட்டுக்குக் குலுக்கல் உண்டு, விண்ணப்பியுங்கள். கிடைத்தால் செல்போனை வெளியே வைத்துவிடுங்கள். உள்ளே ஓடாதீர்கள், அதற்கும் தடை!