மனிதனைப் போலப் பேசும் மொழி



உங்கள் பிள்ளை முதன்முதலாக "உம்மா" என்று அழைத்த நாளை மறந்திருக்க மாட்டீர்கள். தாயிடம் கற்ற அந்தப் பேச்சைப் பிள்ளையிடமிருந்து பறித்துவிட முடியுமா? முடியும் என்பதைக் கனடாவின் வடக்கே, பனிப் பிரதேசத்தில் வாழும் இனுயிட் மக்களின் வரலாறு காட்டுகிறது.

இவர்களுடைய மொழியின் பெயர் இனுக்டிடுட். 'இனுக்' என்றால் மனிதன். 'டிடுட்' என்றால் போல. 'மனிதனைப் போல' என்பதே பெயரின் பொருள். ஒருவர் 'இனுக்', இருவர் 'இனூக்', பலர் 'இனுயிட்'. அரபு படித்தவர்களுக்கு ரஜுலுன், ரஜுலானி, ரிஜாலுன் நினைவுக்கு வரும். ஆயினும் இரு மொழிகளுக்கும் உறவில்லை. சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பரவிய மக்களோடு வந்த மொழி இது. கிறீன்லாந்து மொழி இதன் உடன்பிறப்பு.

'இக்லு' என்றால் பனிவீடு மட்டுமல்ல, எந்த வீடும் இக்லுதான். 'இக்லுமி' வீட்டில், 'இக்லுமுட்' வீட்டுக்கு. தமிழைப் போலவே உருபுகள் சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கின்றன.

குர்ஆன் ஓதும் உங்களுக்கு அ, இ, உ என்ற மூன்று உயிரொலிகள் பழக்கமானவை. இனுக்டிடுட்டிலும் அவையே. கூரை முகடு போன்ற ஓர் எழுத்து மேல்நோக்கினால் 'பி', வலப்புறம் திரும்பினால் 'பு', இடப்புறம் திரும்பினால் 'ப'. ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் 1840 இல் க்ரீ மக்களுக்காக அமைத்த எழுத்து முறை பின்னர் இம்மொழிக்கு வந்தது. பள்ளிக்கூடம் இல்லாத காலத்திலேயே பெற்றோர் பிள்ளைகளுக்கும், ஒருவர் மற்றவருக்குமாகக் கற்றுக்கொடுத்துப் பரப்பினார்கள்.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது. பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தூர விடுதிப் பாடசாலைகளில் சேர்க்கப்பட்டனர். தாய்மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டனர். திரும்பி வந்தவர்களில் பலர் தம் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசினார்கள். பாட்டியின் பேச்சு விளங்காத பேரப்பிள்ளைகள் உருவானார்கள். 2008 இல் கனடாப் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

1999 இல் 'எங்கள் நிலம்' என்று பொருள்படும் நுனாவுட் பிரதேசம் உருவானது. 2008 இல் மொழிப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. எனினும் ஆசிரியர் பற்றாக்குறையால் மேல் வகுப்புகளில் பெரும்பாலும் ஆங்கிலமே நிலவுகிறது. இன்று பேசுவோர் சுமார் 40,000 பேர்.

சகோதரிகளே! மன்னிப்பும் சட்டமும் அவசியமே. ஆனால் பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையே அறுந்த பேச்சை அவற்றால் மட்டும் இணைக்க முடியாது. அந்த வேலை, பனிக்கால இரவில் பிள்ளையைத் தூங்க வைக்கும் ஓர் இனுயிட் தாய் எந்த மொழியில் பேசுகிறாள் என்பதில்தான் தொடங்குகிறது.